எட்டில் எத்தனை தமிழில்?

டில்லியில் நம் சங்கத்து ஆண்டு விழாக்களை முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறேன். பிள்ளைகளின் பரதநாட்டியம் இல்லாத விழா கிடையாது. அடவு சுத்தமாக இருக்கிறது, தாளம் தப்புவதில்லை. ஆனால் பதம் என்று வந்துவிட்டால் ஏதோ குறைகிறது. கண் விரிகிறது, புருவம் ஏறி இறங்குகிறது. பாட்டில் உள்ள ஏக்கம் மட்டும் முகத்துக்கு வருவதில்லை. இதற்கு நாட்டிய ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் நம் வீடுகளில் இருக்கிறது என்பது என் கருத்து.

உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் இதற்கென்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறார். சிரிப்பு, அழுகை, இழிவுணர்வு, வியப்பு, அச்சம், பெருமிதம், கோபம், மகிழ்ச்சி என எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம், ஆக 32. அழுகைக்கு அவர் சொல்லும் காரணங்கள்: பிறர் இகழ்வது, இழப்பு, முன்பு இருந்த நிலை கெடுவது, வறுமை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் தொடங்கவில்லை. அழுகை எதனால் வருகிறது என்று வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறார். கலை பிறகுதான்.

சரி, நம் வீட்டில் இந்த எட்டில் எத்தனை தமிழில் நடக்கின்றன? 'படி', 'சாப்பிடு', 'டிவியை அணை' எல்லாம் தமிழ்தான். கோபம் வந்தால் நல்ல தமிழாகவே வரும். ஆனால் பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பது இந்திப் படத்துக்கு. சிநேகிதனிடம் மனம்விட்டுப் பேசுவதும் இந்தியில். பரிசு வாங்கிய பெருமையைச் சொல்வது இங்கிலீஷில். ஊரில் ஒரு சாவு என்றால், பிள்ளை காதில் விழவேண்டாமென்று போனில் தாழ்ந்த குரலில் பேசி முடித்துவிடுகிறோம். கடைசியில் கோபம் ஒன்றைத்தான் அவர்களுக்குத் தமிழில் கொடுத்திருக்கிறோம். மற்ற ஏழும் மேடையில் மட்டும் எப்படி வரும்?

கலைக்கு மொழி இல்லையே என்று சிலர் கேட்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது பொருந்தும். பாலசரஸ்வதியைப் (1918–1984) பற்றி 1976-ல் படம் எடுத்த சத்யஜித் ராய் வங்காளிதான். ஆனால் பாலசரஸ்வதி பதத்தைத் தாமே பாடிக்கொண்டு அபிநயம் பிடித்தவர். சொல்லும் இசையும் முதலில் அவருக்குள் இருந்தன. முகம் அதைத் தொடர்ந்தது. ரசிகருக்கு மொழி தெரியாமல் இருக்கலாம். ஆடுகிறவருக்குத் தெரியாமல் முடியாது.

ஆகவே இரண்டு யோசனைகள். ஆடப்போகும் பாட்டின் பொருளை ஒவ்வொரு பிள்ளையும் மைக்கில் நாலு வரி தமிழில் தானே சொல்லட்டும். தடுமாறினாலும் பரவாயில்லை, நாம் பொறுமையாகக் கேட்போம். இரண்டாவது வீட்டுக்கு: தாத்தா போன துக்கத்தையும், சின்ன வயதில் கிணற்றில் குதித்த கதையையும், இன்று ஆபீசில் சிரித்ததையும் பிள்ளைகளிடம் தமிழில் சொல்லுங்கள்.

திட்டு வாங்க மட்டும் பயன்பட்ட ஒரு மொழியை, வளர்ந்த பிறகு எந்தப் பிள்ளையும் கூட வைத்துக்கொள்ளாது.