வண்டி நிற்கட்டும்

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் 70 மணி நேரம் உழைக்கத் தயாராக வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசிய வீடியோ வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தமும் அதில் இருந்தது. அந்த நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவு இயங்கும் மணப்பாக்கம், நான் குடியிருக்கும் ஆதம்பாக்கத்துக்குப் பக்கம்தான். எங்கள் தெருவிலும் பேச்சு பலமாக அடிபட்டது.

கடிகாரத்தைப் பார்த்து ஒருவரின் உழைப்பை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிண்டி தொழிற்பேட்டையில், சின்ன எஞ்சினியரிங் யூனிட்டுகளில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். 1958-ல் தொடங்கிய பேட்டை அது. அன்றைய ஷெட்டுகள் பல இன்று கண்ணாடிக் கட்டடங்களாகிவிட்டன. மிச்சமிருக்கும் ஷெட்டுகளில் இப்போதும் லேத் ஓடுகிறது. லேத்திலிருந்து இறங்கும் ஜாப்பை அளந்து, டிராயிங்கோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் சிவப்புப் பெயின்ட் தடவி ஒதுக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கும். லாரி பிரேக்கில் போகும் ஓர் எஃகுப் பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 25 மில்லிமீட்டர். டிராயிங் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம், அதாவது டாலரன்ஸ், மொத்தமே 20 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது. கடைசல் முடிந்து கையில் வரும்போது பின் சுடச்சுட இருக்கும். எஃகு 30 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால், இந்தப் பின்னின் விட்டத்தில் 8, 9 மைக்ரான் ஏறிவிடும். சூட்டோடு மைக்ரோமீட்டரில் பிடித்தால் அளவு கச்சிதமாகக் காட்டும். ஆறிய பிறகு பார்த்தால் குறைந்திருக்கும். அதனால்தான் உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று ஒரு பொது வெப்பநிலை வைத்திருக்கிறார்கள். சென்னை மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அந்த 20 டிகிரிக்கு எங்கே போவது? அளவு அறையில் ஏசி போட்டு, ஜாப்பை அங்கே கொண்டுபோய் ஆறவிட்டு, காத்திருந்துதான் அளக்க வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், அந்தக் காத்திருப்பைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார். "அவசரப்படாதம்மா. மூணு இடத்துல பிடி. இந்த முனை, அந்த முனை, நடு. அப்புறம் திருப்பிப் பிடி" என்பார். மைக்ரோமீட்டரின் ராட்சட்டைத்தான் திருக வேண்டும். கட்டைவிரலால் இறுக்கினால் அளவு நாம் விரும்பியபடி வந்துவிடும். நம் விருப்பம் உள்ளே நுழையாமல் அளப்பதுதான் இந்தத் தொழிலில் கடினம்.

அளக்காமலே எழுதப்படும் ரிப்போர்ட்டுகளும் உண்டு. துறையில் இருப்பவர்களுக்கு அது பார்த்தவுடன் தெரியும். ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா எண்ணும் டாலரன்ஸின் நட்டநடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும். நிஜமாக அளந்த தாள் அப்படி இருக்காது. ஓர் எண் விளிம்புக்கு ஓடியிருக்கும், ஒன்று அடித்துத் திருத்தப்பட்டிருக்கும், ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அந்த அழகான தாள்களை எழுதியவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் டபுள் டியூட்டியின் கடைசியில் எழுதியவை அவை. மாலை ஆறு மணிக்கு மேல் டிஸ்பாட்ச் ஆள் வந்து நிற்பார். "அக்கா, வண்டி வெளியே நிக்குது. ஒரு கையெழுத்துதானே." காலையிலிருந்து நின்ற கால், எரியும் கண், வீட்டில் காத்திருக்கும் பிள்ளை. அந்த நேரத்தில் 'வண்டி நிற்கட்டும்' என்று சொல்ல உடம்பில் தெம்பு வேண்டும். நான் அறிந்தவரை தொழில் நேர்மைக்கு முதல் தேவை அந்தத் தெம்புதான். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம்.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1923-ல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய ஊர் இது; நூறாவது ஆண்டில் அந்த அறிவிப்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அப்போது நடந்த விவாதம் தொழிலாளியின் ஓய்வு, குடும்பம், கூலி என்பதோடு நின்றது. அவையெல்லாம் நியாயமான பேச்சு. பன்னிரண்டாவது மணி நேரத்தில் செய்த பொருளை நம்பி ஏறுபவர்களின் கதி என்ன என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் எங்கள் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதைக்கு அருகே, கட்டுமானத்தில் இருந்த பறக்கும் ரயில் பாதையின் ஒரு பகுதி இரவில் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நான் தினமும் காய்கறி வாங்கப் போகும் வழி. காரணங்களை ஆராய நிபுணர்கள் இருக்கிறார்கள், அதில் நான் தலையிடவில்லை. எதைப் பார்த்தாலும் 'இதை யார் அளந்தது, எந்த நேரத்தில் அளந்தது?' என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இதெல்லாம் இரும்பு, சிமென்ட் வேலைக்குத்தான் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறாள். ரிலீஸ் சமயத்தில் விடிய விடிய வேலை. "ராத்திரி பதினோரு மணிக்கு மேல எல்லா டெஸ்ட்டும் பாஸ்தான் ஆன்ட்டி" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. நல்ல வேலைக்காரி, அதனால்தான் வெட்கப்பட்டாள். அந்த வெட்கம் மரத்துப்போவதற்குள் அவளைத் தூங்கவிட வேண்டும்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, சரிபார்ப்பவர் உற்பத்திப் பிரிவுக்கோ டிஸ்பாட்சுக்கோ கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது. அவருக்கு சம்பள உயர்வு எழுதுபவரும், வண்டியை அனுப்ப அவசரப்படுபவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. இரண்டு, ஓவர்டைம் தவிர்க்க முடியாத நாளில்கூட, அளந்து முடிவு சொல்லும் வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்க வேண்டும். நான் வேலை செய்த ஒரு யூனிட்டில் முதலாளி இதற்குச் சம்மதித்தார். முதல் சில வாரம் வாடிக்கையாளர்களின் போன் ஓயவில்லை. பிறகு அவர்களே நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆர்டர் ஒன்றும் குறையவில்லை.

ஒவ்வொரு யூனிட்டிலும் ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும். எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எத்தனை பீஸ் என்று அதில் எழுதியிருக்கும். வேலை நேரத்தைக் கூட்டச் சொல்பவர்கள், அடுத்த மசோதாவைக் கொண்டுவருவதற்கு முன்பு, கிண்டிக்கோ அம்பத்தூருக்கோ வந்து அந்த ரெஜிஸ்டர்களை ஷிஃப்ட் வாரியாகக் கூட்டிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கைச் சட்டமன்றத்தில் வைத்துவிட்டுப் பேசட்டும்.