மாற்றிய பின்னும் சத்தமா?

சகோதரியே, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப்போகும் கார் குழியில் இறங்கும்போது ‘டொக்’கென்கிறதா? ஸ்டியரிங்கைத் திருப்பினால் முனகுகிறதா? சில மாதத்துக்கு முன்தானே ஷொக் மவுண்ட் மாற்றினோம் என்பார் கணவர். அந்தப் புதிய மவுண்டையே முதலில் சந்தேகியுங்கள்.

முன் ஷொக்கின் மேல்நுனியைக் காரின் உடலோடு பிணைப்பது அதுதான். இரும்புத் தகட்டில் ஒட்டிய றப்பர், பல கார்களில் கூடவே ஒரு பெயாரிங். குழியின் அடியை வாங்குவது றப்பர்; திருப்பும்போது சுழல்வது பெயாரிங். தரமற்ற நகல்களில் றப்பர் தகட்டைவிட்டுக் கழன்றுவிடும், தண்ணீர் புகுந்த பெயாரிங் துருப்பிடித்து இறுகும். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்! ஜப்பான் காரில் கழற்றிய பழையது திறம் என்பார்கள். அந்த றப்பருக்கும் வயதுண்டே.

நட்டம் சாமானின் விலையோடு நிற்பதில்லை. மறுபடி ஷொக்கை இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் கூலி. பல கார்களுக்கு வீல் எலைன்மென்ட்டும் மறுபடி. வீட்டுக் கணக்கில் இடிப்பது அதுதான். ஆகவே கூலியையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், கழற்றிய மவுண்டையும் கராஜில் கேட்டு வாங்கிப் பாருங்கள். றப்பரும் பெயாரிங்கும் நன்றாயிருந்தால் சத்தம் வேறிடத்தில். போல் ஜொயின்ட்டையும் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.