தெரியாமல் செய்கிறார்களா?

திருகோணமலையிலிருந்து நிலாவெளியைக் கடந்து புல்மோட்டைச் சாலையில் சென்றால் இறக்கக்கண்டிப் பாலம் வரும். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். இக்கரையோரத்து மக்களுக்குக் கடலைப் பற்றி வகுப்பெடுக்க வருவோரை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

இம்மாவட்டக் கடலில் டைனமைட் வெடித்து மீன்பிடிப்பது நெடுநாளைய கேடு. அதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றே: மீனவருக்கு விழிப்புணர்வு இல்லையாம். உடனே ஒரு கருத்தரங்கு, சில பதாகைகள். பத்திரிகைக்காரனாக நானும் அவற்றைச் செய்தியாக்கியிருக்கிறேன்.

வெடி எறிபவனுக்கு என்ன தெரியாது? பெரிய மீனோடு குஞ்சும் சாகும். செத்ததில் ஒரு பகுதி மிதக்காமல் அடியிலேயே வீணாகும். முருகைக்கல் நொறுங்கினால் மீன் தங்க இடமிராது. கணம் தவறினால் தன் கையே போகும். எல்லாம் தெரியும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் இதைத் தடை செய்திருப்பதும் தெரியும்.

தீமையென்று அறிந்தே எவரும் தீமை செய்வதில்லை என்று சாக்ரடீஸ் வாதிட்டார். அவர் வலை இழுத்தவரல்லர். தென்னிலங்கையின் மாவெல்ல கிராமத்தைப் பாருங்கள். அங்கே கரைவலைகள் முறைவைத்து இழுக்கப்பட்டன. வலை கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் முறை குறையும் என்பது அனைவரும் அறிந்த கணக்கு. ஆயினும் வலைகள் கூடிக்கொண்டே போயின. தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருந்தது, நடைமுறைப்படுத்துவோர் இல்லை. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் தம் நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். இன்று நான் விட்டுவைப்பதை நாளை அடுத்தவன் அள்ளிக்கொள்வான் என்றால், அறிவு என்ன செய்யும்?

வறுமைதான் காரணம் என்பாரும் உண்டு. தூண்டில் போடுபவனும் அதே வறுமையில்தான் உழல்கிறான். அவன் வெடி எறிவதில்லை. ஆகவே எறிபவனை மன்னிக்க நான் சொல்லவில்லை. ஆனால் வெடிமருந்து கடலில் விளைவதில்லை. உரிமம் பெற்றே வாங்கவேண்டிய பொருள் அது. போர்க்காலத்தில் மீனவனிடம் அனுமதிச்சீட்டுக் கேட்டு, அவன் கடலுக்குப் போகும் நேரத்தையும் வகுத்த அரசு இது. 2009இல் போர் முடிந்தபின், ஒரு வெடிக்குச்சி கரைக்கு வரும் வழியை அடைக்க அதனால் இயலாது என்றால் யார் நம்புவது?

கருத்தரங்கு நடத்துவது எளிது. வெடிமருந்து வந்த வழியைத் தேடினால், கொடுத்தவர், வாங்கியவர், கண்டும் காணாதிருந்தவர் என்று பெயர்கள் வெளிவரும். எது பயன் தரும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். தெரிந்தே அவர்கள் கருத்தரங்கைத் தேர்ந்துகொள்கிறார்கள். தெரிந்தே நாங்களும் அதன் படத்தை அச்சிட்டோம்.

அறிந்தே கேட்டைத் தேடுபவன் மீனவன் மட்டுமல்லன். விழிப்புணர்வு வேண்டுமென்றால், வகுப்பை மேசைக்கு அப்பால் இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.