சீலிங்குக்கு மேல என்ன இருக்கு?

நாங்குநேரியில் என் சித்தப்பா வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். வளைகுடாவில் பதினாலு வருஷம் உழைத்த காசு, பத்தாததுக்கு பேங்க் லோன். போன மாசம் எனக்கு ஒரு ரீல்ஸ் அனுப்பினார். அனுப்பின கையோட போனும் வந்தது.

"ஏல, நீதான சிவில் படிக்க? இத நம்ம பட்டாசல்ல போட்டா எப்படி இருக்கும்னு பாத்துச் சொல்லு."

மர நிறம் பூசிய அலுமினியப் பட்டைகள் இடைவெளி விட்டு வரிசையாகத் தொங்குகின்றன. நடுநடுவே எல்.ஈ.டி. லைட். இதுக்குப் பேர் பேஃபிள் சீலிங். இப்போ இன்டீரியர் வீடியோ எதைத் திறந்தாலும் இதுதான். பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனா சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. மூணு வருஷமா பீமும் காலமும் படிச்ச எனக்கு, சீலிங்கைப் பத்தி ஒண்ணுமே தெரியலைன்னு அப்போதான் உறைச்சது.

ஒரு வாரம் தேடிப் படிச்சேன். நாலு கடை ஏறி இறங்கினேன். அதுல எனக்குத் தோணினது இதுதான்: மெட்டல் சீலிங் மோசமான பொருள் இல்லை. நாம அதைத் தேர்ந்தெடுக்கிற விதம்தான் மோசம். கீழே நின்னு நிறத்தையும் டிசைனையும் பார்த்து வாங்குறோம். அது உழைக்குமா, நம்மை வேக வைக்குமா, தலையில விழுமா என்பதெல்லாம் அதுக்கு மேலே இருக்கிற அந்த ஒரு அடி இடத்துலதான் முடிவாகுது. அதைப் பத்தி யாரும் கேட்கிறதே இல்லை.

இது பழைய வேஷம்

மெட்டல் சீலிங் நேத்து வந்த ஃபேஷன்னு நினைக்காதீங்க. செட்டிநாட்டு வீடுகளைச் சுத்திப் பார்த்தவங்களுக்கு பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள் கதையெல்லாம் தெரியும். அதே வரிசையில் பிரிட்டனிலிருந்து வரவழைத்த உலோகத் தகடு சீலிங்குகளும் உண்டு. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்த ஊர்கள் அவை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலும் பூவேலை அச்சடித்த தகடுகளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, சாந்துல செஞ்ச வேலைப்பாடு மாதிரி காட்டினார்கள். அன்னைக்குச் சாந்து வேஷம். இன்னைக்கு மர வேஷம்.

ஆனா செட்டிநாட்டு வீட்டுல அந்தத் தகடு தனியா இல்லை. உயரமான கூடம், நடுவுல திறந்த முற்றம், சூடான காத்து மேலேறி வெளியே போக வழி, எல்லாம் கூடவே இருந்தது. சித்தப்பா வீட்டில் இருப்பது 9 அடி 6 அங்குல உயரத்தில் கான்கிரீட் தளம். அதுக்கு மேல மொட்டைமாடி, அதுக்கு மேல நம்ம ஊர் வெயில்.

சூடு எங்க போகும்?

பகல் முழுக்க வெயில் குடிச்ச தளம், ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கீழே இறக்கிக்கிட்டே இருக்கும். பெயின்ட் பூசாத பளபள அலுமினியம், தன் மேல் விழுகிற வெப்பக் கதிர்வீச்சில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கேட்கும்போதே ஆசையா இருக்குல்லா? ஆனா அதே தகட்டில் பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ ஏறிட்டா கதை தலைகீழ். கதிர்வீச்சில் பெரும்பங்கை உள்வாங்கிக் கீழே விடும். பல பேனல்களில் முதுகுப் பக்கமும் பூச்சோடதான் வருது. பேஃபிள்னா இன்னும் மோசம். இடைவெளி வழியா சூடு நேரா நம்ம தலைக்கு.

சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். "நீங்க அங்க மால்ல பாத்த சீலிங்குக்கு மேல ஏசி டக்ட் ஓடும் சித்தப்பா. நம்ம வீட்ல மேல கொதிக்கிற தளம்லா இருக்கு."

அப்புறம் ஃபேன். அதோட அடிப்பாகம் தரையிலிருந்து குறைந்தது 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கணும், இறக்கைக்கும் சீலிங்குக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இடைவெளி வேணும் என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. 9 அடி 6 அங்குலம் என்றால் 2.9 மீட்டர். கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது 20 சென்டிமீட்டர்தான். அதுக்குள்ள பட்டையும் அதைத் தாங்குற கம்பியும் ஃபேன் மோட்டாரும் அடங்கணும். ரீல்ஸ்ல அந்த அறையில ஃபேனே இல்லை, கவனிச்சீங்களா?

தொங்குறது எதுல?

2013-ல் திறக்கப்பட்ட சென்னை விமான நிலையப் புதிய முனையங்களில், சீலிங்கும் கண்ணாடியும் பெயர்ந்து விழுந்தது எத்தனை தடவை செய்தியாக வந்தது! நாமும் மீம் போட்டுச் சிரிச்சோம். ஆனா சிரிக்க முடியாத உதாரணமும் இருக்கு. 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் சசாகோ சுரங்கப்பாதையில் சீலிங் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவை கான்கிரீட் பலகைகள். ஆனா பழுது பலகையில் இல்லை. மேலே பிடித்துக்கொண்டிருந்த ஆங்கர் போல்ட்டுகள் கழன்றிருந்தன.

மெட்டல் பேனல் அவ்வளவு கனம் இல்லைதான். இரண்டடிக்கு இரண்டடி, 0.7 மி.மீ. அலுமினிய டைல் சுமார் 700 கிராம். 0.5 மி.மீ. ஜி.ஐ. டைல் அதைப்போல இரண்டு மடங்கு. அதே அளவு ஜிப்சம் பலகை சுமார் 3 கிலோ. ஆனா கனம் குறைஞ்சா இன்னொரு பிரச்சினை: காத்து. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்து காத்தாடியை மட்டும் சுத்தாது, போர்டிகோ சீலிங்கையும் தூக்கும். நாலுவழிச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் பட்டைகள் கழன்று, கம்பி மட்டும் பல்லிளிக்கிறதை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கேன். வெளிப்புறத்துக்கு மெல்லிசு கம்பி போதாது. மேல்நோக்கித் தூக்கும் விசையையும் தாங்குற விறைப்பான ராடும், பட்டையைப் பூட்டுற கிளிப்பும் வேணும். உவரி, கூடங்குளம் மாதிரி கடலோரம்னா ஜி.ஐ.யின் வெட்டு விளிம்பில்தான் துரு முதல்ல பிடிக்கும். அங்கே அலுமினியம்தான் சரி.

வானமாமலை பெருமாள் கோயிலைச் சுத்தி இருக்கிற தெருக்களில் பழைய மட்டப்பா வீடு வச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும். செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தத் தளத்தில் ஆங்கர் அடிச்சா பிடிமானம் இருக்காது. மரக்கட்டையிலிருந்துதான் தொங்கவிடணும். அதுக்கு முன்னால அந்தக் கட்டை செல்லரிக்காம இருக்கான்னு பார்க்கணும்.

கடைசியா ஒண்ணு, யாருமே சொல்லாதது: எர்த்திங். சீலிங்குக்கு மேலே ஒயர் ஓடுது, எலியும் ஓடுது. கடிச்ச ஒயர் தகட்டில் பட்டால் சீலிங் முழுக்க கரன்ட். ஃபிரேமுக்கு எர்த் கொடுத்து, ஆர்.சி.சி.பி.யும் போடணும். நான் ஏறி இறங்கின நாலு கடையிலும் நானாக் கேட்கும்வரை இதை யாரும் சொல்லலை.

அப்போ எங்கதான் போடுறது?

அடுக்களையில் போடலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சு எடுத்துடலாம். பாத்ரூமில் போடலாம். ஒரு டைலைக் கழட்டி பைப்பைப் பார்த்துட்டு மறுபடி மாட்டலாம். 2023 டிசம்பர் மழையில் எங்க தெருவில் ஒரு வீட்டு ஜிப்சம் சீலிங் ஊறித் தொங்கினது. மெட்டல் அப்படி ஊறாது. ஆனா கசிவை மறைச்சு வைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கல்யாண மண்டபத்துக்குத் துளை போட்ட பேனல் அருமையான பொருள். ஆனா துளை மட்டும் சத்தத்தைக் குடிக்காது. அதுக்குப் பின்னால ஒட்டுற துணியும் கம்பளமும்தான் குடிக்கும். காசு மிச்சம்னு அதை விட்டுட்டா தவில் சத்தம் நாலு சுவரிலும் முட்டித் திரும்பி வரும். பக்கத்துல இருக்கவங்க பேசுறதுகூடக் கேட்காது.

சித்தப்பா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பட்டாசலுக்கு சீலிங் கிடையாது, அந்தக் காசில் மொட்டைமாடிக்கு வெள்ளை டைல். அடுக்களைக்கும் பாத்ரூமுக்கும் அலுமினியம். "போர்டிகோல மட்டும் அந்த ரீல்ஸ் மாதிரி போட்டுக்கிடுதேன், வேண்டாங்காத" என்றார். சரின்னுட்டேன். ஆசைப்பட்டதுல ஒண்ணாவது அவருக்கு நடக்கட்டும். ஆனா ராடும் கிளிப்பும் மாட்டுற அன்னைக்கு நானே ஏணி ஏறிப் பார்ப்பேன்னு சொல்லியிருக்கேன்.

நம்ம வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் இப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பாங்க. உங்களுக்கும் ஒரு ரீல்ஸ் வரும். நல்லா இருக்குன்னு ஹார்ட் போடுறதுக்கு முன்னால தளத்தின் உயரம், ஃபேன், ஆங்கர், எர்த், மழைக் கசிவு, இந்த அஞ்சையும் கேளுங்க. அந்தக் கேள்விகளை ரீல்ஸ் போட்டவர் கேட்க மாட்டார். நாமதான் கேட்கணும்.