கட்டணத்துக்கு மட்டும் பங்காளிகளா?

அரசாங்கங்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. திட்டத்தைத் தீட்டி, அச்சிட்டு, அட்டையும் போட்டு முடித்த பின்னர்தான் சம்பந்தப்பட்டவர்களை அழைத்து “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்கும். பத்திரிகைத் தொழிலில் கழிந்த தசாப்தங்களில் இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். தேநீர் வரும், நன்றியுரை வரும், திட்டத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறாது. துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் உரிய வியாதி இது என்று நாம் எண்ணியிருந்தோம். விண்வெளிக்கு ஏறும் வாசலிலும் அது குடியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள கேப் கனாவரலும் கலிபோர்னியாவிலுள்ள வண்டன்பேர்க்கும் அந்நாட்டின் இரு பெரும் அரச ஏவுதளங்கள். ஏவுதளம் என்றவுடன் ரொக்கெட் நிற்கும் கொங்கிரீட் மேடையே நம் கண்முன் வருகிறது. மேடை அதில் ஒரு சிறு பங்குதான். ரொக்கெட்டைப் பின்தொடரும் ராடர்கள், தொடர்பாடல் வலையமைப்பு, வானிலை அவதானிப்பு, கடலையும் வானையும் வெறுமையாக்கும் ஏற்பாடு, வழிதவறும் ரொக்கெட்டை அழிக்கும் அதிகாரம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏவுதளம். பனிப்போர்க் காலத்தில் ஏவுகணைகளைப் பரீட்சிப்பதற்காக இவை கட்டப்பட்டன. இராணுவமே உரிமையாளர், இராணுவமே பயனாளர். ஆகவே யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கே அன்று இடமிருக்கவில்லை.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. 2024இல் புளோரிடாக் கரையிலிருந்து நிகழ்ந்த ஏவுதல்கள் 93. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஸ்பேஸ்எக்ஸ் என்ற ஒரே தனியார் நிறுவனத்தின் ரொக்கெட்டுகள். இந்த நெரிசலைச் சமாளிக்க அமெரிக்க விண்வெளிப் படை 2024 முதல் 2028 வரையான காலத்துக்கு ஏறத்தாழ 1.3 பில்லியன் டொலர் செலவில் நவீனமயமாக்கல் திட்டமொன்றை வகுத்தது. 1984இன் வர்த்தக விண்வெளி ஏவுதல் சட்டத்தின் வழிவந்த ஏற்பாட்டின்படி, தனியார் ஏவுதலால் நேரடியாக ஏற்படும் மேலதிகச் செலவை மட்டுமே அரசு அறவிட முடிந்தது. 2023 டிசெம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் அதனை மாற்றியது. வீதி, மின்சாரம், பராமரிப்பு போன்ற மறைமுகச் செலவுகளிலும் பங்கு கேட்க விண்வெளிப் படைக்கு அதிகாரம் கிடைத்தது.

கட்டணம் கேட்பதை நான் குறைகூறவில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் போடப்பட்ட வீதியில் இலாபத்துக்காகப் பயணிப்பவர் அதன் தேய்மானத்தில் பங்கேற்பதே நியாயம். ஆனால் வீதியைச் செப்பனிடப் பணம் வாங்குபவர், எந்தக் குழியை முதலில் நிரப்புவது என்று அதே வீதியில் நாள்தோறும் பயணிப்பவரிடம் கேட்க மறுப்பாராயின் அது நியாயமாகுமா?

கேட்கவேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 2000 பெப்ரவரியில் வெள்ளை மாளிகை வெளியிட்ட ஏவுதளங்கள் பற்றிய அறிக்கை, அரசு சாராத பயனாளரின் பங்கையும் முதலீட்டையும் வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக 2002இல் விமானப்படையும் விமானப் போக்குவரத்து நிர்வாகமும் வர்த்தகத் திணைக்களமும், தனியார் துறையின் தேவைகளைத் திரட்டித் தெரிவிப்பதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. நல்ல தொடக்கம்தான். ஆயினும் தேவைகளைத் திரட்டுவது வேறு; முடிவெடுக்கும் மேசையில் ஓர் ஆசனம் தருவது வேறு. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திக் கொடுப்பதை ஆலோசனை என்று எவரும் அழைக்கமாட்டார்.

பயனாளரைச் சேர்த்துக்கொண்டால் என்ன விளையும் என்பதற்குத் தக்க சான்று உண்டு. பல தசாப்தங்களாக, ரொக்கெட் வழிதவறினால் தரையிலிருந்த அதிகாரி ஒருவரே பொத்தானை அழுத்தி அதனை அழிக்கவேண்டியிருந்தது. அதற்காக ராடர்களையும் கட்டளை நிலையங்களையும் ஆளணியையும் பேணுவதே பெருஞ்செலவு. 2017 பெப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ரொக்கெட் ஒன்று, தன் பாதையைத் தானே கண்காணித்து, தவறினால் தன்னையே அழித்துக்கொள்ளும் தன்னியக்கக் கருவியைப் பிரதான பாதுகாப்பு முறையாகக் கொண்டு புளோரிடாவிலிருந்து புறப்பட்டது. இதன் பின்னணியில் அரச நிறுவனங்களின் உழைப்பும் இருந்தது. அதனைத் தம் ரொக்கெட்டில் பொருத்தத் துணிந்த பயனாளரின் முனைப்பும் இருந்தது. தரையிலே பழைய ராடருக்குப் பதில் புதிய ராடர் வைப்பதே நவீனமயம் என்று தனியே அமர்ந்து தீர்மானித்திருந்தால், காலாவதியாகப்போகும் பொருளுக்கே பணம் கரைந்திருக்கும்.

இன்றைய முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. செய்மதிகளை ஏவுதலுக்குத் தயார்செய்யும் கூடங்கள் போதவில்லை. வண்டன்பேர்க்கில் அத்தகைய கூடமொன்றை விரிவாக்க 2025இல் தனியார் நிறுவனமொன்றுக்கு 77.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. எங்கே நெருக்கடி என்பதை முதலில் உணர்பவர் வரிசையில் நிற்பவர்தான்; வரிசையை வரைபடத்தில் பார்ப்பவரல்ல.

“இது இராணுவத் தளம், வியாபாரிகளுக்கு இங்கு என்ன வேலை?” என்பார் உளர். தேசப் பாதுகாப்பு ஏவுதலுக்கு முன்னுரிமை வேண்டும். உயிர்ப்பாதுகாப்பு விதிகள் பேரம்பேசலுக்கு அப்பாற்பட்டவை. இவ்விரண்டையும் நான் ஏற்கிறேன். ஆனால் மின்கம்பியின் கொள்ளளவும் பாலத்தின் வலுவும் நைதரசன் குழாயின் பருமனும் இராணுவ இரகசியங்களா?

இதனைவிட வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. பயனாளரை அழைத்தால் மிகப் பெரியவரே திட்டத்தைத் தம் வசதிக்கு வளைத்துக்கொள்வார் என்பது அது. இந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. நாசாவின் 39ஏ தளத்திலிருந்து ஸ்டார்ஷிப் எனும் இராட்சத ரொக்கெட்டை ஏவ ஸ்பேஸ்எக்ஸ் முனைந்தபோது, அயல் தளங்களை வைத்திருக்கும் போட்டி நிறுவனங்கள் கவலை தெரிவித்தன. அவற்றுள் ஒன்றான புளூ ஒரிஜின், ஏவுதல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்குமாறு 2024 யூனில் யோசனை கூறியது. ஒருவர் ஏவும்போது அயலவர் தம் தளத்தை விட்டு வெளியேற நேரிடுமானால், ஒருவரின் வசதி மற்றவரின் வேலைநிறுத்தம் ஆகிவிடும்.

ஆனால் இதற்கு மருந்து மேசையை அகற்றுவதா? ஒருபோதும் இல்லை. மேசை இல்லாத இடத்தில் பெரியவர் தொலைபேசியில் பேசிக்கொள்வார். வாயிலில் காத்திருப்பவர் சிறியவரே. எனவே கலந்தாலோசனை வெளிப்படையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பு அல்லது மறுப்பு காரணத்துடன் எழுத்தில் வரவேண்டும். ஆண்டுக்கு ஓரிரு ரொக்கெட்டுகளை ஏவும் சிறிய நிறுவனத்துக்கும் ஆசனம் உறுதிப்படுத்தப்படவேண்டும். அறவிட்ட கட்டணம் எதற்குச் செலவானது என்ற கணக்கும் வெளியாகவேண்டும்.

பயனாளர் என்ற சொல்லின் எல்லையும் விரியவேண்டும். ஏவுதலுக்காகத் தொழிலை நிறுத்தும் கடற்றொழிலாளரும், பாதை மாறிப் பறக்கும் விமானங்களும், அதிர்வொலியில் விழித்தெழும் கரையோரக் குடிகளும் அதே கடலையும் வானையும் பயன்படுத்துவோரே. வண்டன்பேர்க்கில் ஆண்டு ஏவுதல்களை 36இலிருந்து 50 ஆக உயர்த்தும் யோசனையைக் கலிபோர்னியாக் கரையோர ஆணைக்குழு 2024 ஒக்டோபரில் 6க்கு 4 என்ற வாக்குகளால் எதிர்த்தது. விவகாரம் நீதிமன்றப் படியேறியது. முன்கூட்டிப் பேசாதவர் பின்னர் வழக்குரைஞர் மூலமே பேசவேண்டிவரும்.

இது நமக்கு எட்டாத சங்கதியன்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு எழும் ரொக்கெட், இலங்கைக்கு மேலாகப் பறப்பதைத் தவிர்க்க வளைந்து செல்கிறது. அவ்வளைவில் எரிபொருளும் சுமைத்திறனும் வீணாகின்றன. அதனாலேயே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ரொக்கெட்டுகளுக்கான இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து ஏவப்படவுள்ள சிறிய ரொக்கெட்டைத் தயாரிக்கும் வாய்ப்பு 2025இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்குக் கிட்டியது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவில் தானே அமைத்த மேடையிலிருந்து 2024 மே 30 அன்று தன் முதல் ரொக்கெட்டைப் பரீட்சார்த்தமாக ஏவியது. ஆக, குலசேகரப்பட்டினத்தின் எதிர்காலப் பயனாளர் யாவர் என்பது இப்போதே தெரிகிறது. அவர்களையும் மன்னார் வளைகுடாவில் வலைவீசுவோரையும் கொங்கிரீட் இறுகுமுன் அழைத்துப் பேசினால், கேப் கனாவரல் அரை நூற்றாண்டின் பின் படிக்கும் பாடத்தைக் குலசை தொடக்கத்திலேயே படித்துவிடலாம்.

ஏவுதளம் அரசுக்குச் சொந்தமானதாகவே இருக்கட்டும்; இறுதிக் கையொப்பமும் அரசினுடையதாகவே இருக்கட்டும். ஆனால் பணம் செலுத்த அழைக்கப்படுபவர் அதே நாளில் பேசவும் அழைக்கப்படவேண்டும். பற்றுச்சீட்டு மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு அவரைப் பங்காளி என்று அழைப்பது வெறும் ஏமாற்று.