முன்பணம் கைமாறும் முன்பே: தஞ்சை ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கட்டுவதற்குள் பாபநாசம், கும்பகோணம் பக்கத்து நஞ்சைகளில் கலர் கொடி ஏறிவிடுகிறது. மாசி, பங்குனியில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தரகர்கள் காரில் ஆட்களை அழைத்து வந்து மனை காட்டுவது அந்த நேரத்தில்தான். வருகிறவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் உழைத்துச் சேர்த்தவர்கள். காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த இடத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பது பக்கத்து வயல்காரருக்குத் தெரியும். அவரிடம் கேட்கத்தான் யாருக்கும் நேரம் கொடுக்கப்படுவதில்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. ஒரு நிலத்தைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அ-பதிவேடும் அடங்கலும் கிராம நிர்வாக அலுவலரிடம். குத்தகைதாரர் பதிவேடு வட்டாட்சியர் அலுவலகத்தில். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள நஞ்சையை மனையாக்க வேண்டுமானால் உங்கள் இசைவே வேண்டும். ஆனால் வாங்குகிறவரும் விற்கிறவரும் இவற்றைத் தேடி வருவது தகராறு முளைத்த பிறகுதான். அதுவரை அவர்களுக்கு நிலத்தைப் பற்றிச் சொல்ல இருப்பவர் தரகர் ஒருவர் மட்டுமே.

தரகர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை முடியவில்லை, எந்தச் சர்வே எண்ணில் தங்கைக்குப் பங்கு இருக்கிறது என்று பத்திர எழுத்தரைவிட நன்றாக அறிந்த தரகர்களை எனக்குத் தெரியும். ஆனால் வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். பாதகமான செய்தியைச் சொல்லும் பொறுப்பை அவர் தலையில் மட்டும் வைப்பது அவருக்கும் நியாயமில்லை.

அவர் காட்டுவது பெரும்பாலும் இரண்டு தாள்கள்: பட்டா, வில்லங்கச் சான்று. இரண்டும் அவசியம். டெல்டாவில் இரண்டும் போதாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். மூன்று தலைமுறையாக வாய்மொழிக் குத்தகையில் உழுதுவரும் குடும்பம் அதில் வராது, பட்டாவிலும் வராது. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மண் இது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிய 1969இல் தனிச் சட்டமே வந்தது. அந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் வாங்கியவர் வேலி போட வரும்போதுதான், வரப்பில் ஒருவர் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்க்கிறார். அவர் பக்கம் சட்டமும் நிற்கிறது.

கோயில் நிலமும் இப்படித்தான். ஆதீனங்களுக்கும் தேவஸ்தானங்களுக்கும் இங்கே ஊருக்கு ஊர் நிலமுண்டு. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34ஆவது பிரிவின்படி, ஆணையர் அனுமதியின்றி அந்த நிலத்தை விற்றால் விற்பனை செல்லாது. ஆனாலும் கோயில் மனைக்கட்டில் இருக்கும் வீட்டை, அடிமனையும் சேர்ந்தது போலப் பேசி விலை சொல்கிறார்கள். வாங்கியவருக்குக் கிடைப்பது சுவரும் கூரையும்தான். தரைக்கு அவர் கோயிலுக்கு வாடகை கட்ட வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வாய்க்கால். புல வரைபடத்தில் அது மெல்லிய இரட்டைக் கோடாக இருக்கும். மனைப்பிரிவின் வண்ணப் படத்தில் அதே இடம் முப்பது அடிச் சாலையாக மாறியிருக்கும். தலைமடையில் நாலு மா நிலத்தில் செம்மண் கொட்டி மேடாக்கினால் கீழே இருப்பவருக்குப் பாசனம் போகும். வடிகால் அடைபட்டால் மேலே இருப்பவருக்குப் பயிர் அழுகும். இரண்டு போகம் தோற்ற பிறகு, விற்க நினைக்காதவரும் அதே தரகரைக் கூப்பிட்டு, என் நிலத்தையும் முடித்துக் கொடுங்கள் என்பார். நஞ்சை நடுவே ஒரே ஒரு மனைப்பிரிவுக்கு இசைவு கொடுத்தால் சுற்றியுள்ள வயல்களின் தலைவிதியும் அந்தக் கையெழுத்திலேயே எழுதப்படுகிறது. வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் வீடு கட்டுவதை யாரும் குறை சொல்லவில்லை. ஆற்றுப் பாசன நஞ்சைக்கும் அந்த மேட்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காப்பாற்றும் என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். அது தடுப்பது செம்பு, துத்தநாக உருக்காலைகளையும் தோல் ஆலைகளையும் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும். வீட்டுமனைப் பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் எங்களுக்கு அரண் உங்கள் இசைவு ஒன்றுதான்.

விற்கிற விவசாயியின் கதையை யாரும் பேசுவதில்லை. அவர் மாக்கணக்கில் விற்கிறார், தரகர் சதுரடிக்கணக்கில் விற்கிறார். எங்கள் பக்கம் ஒரு குழி 144 சதுரடி, நூறு குழி ஒரு மா, ஆக 14,400 சதுரடி. சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போக ஒரு மாவில் அரை கிரவுண்டு மனைகள் ஏழாவது தேறும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசியவர்கள் குறைவு. அதைவிட ஆபத்து பவர் பத்திரம். சிறு முன்பணத்தைக் கொடுத்து, நில உரிமையாளரிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்கி, தரகரே மனைகளை விற்றுக்கொண்டு போவார். பத்திரத்தில் விற்பவர் என்று நிற்பது விவசாயியின் பெயர். நாளை வழக்கு வந்தால் நோட்டீஸும் அவருக்குத்தான். பவரும் ஒப்பந்தமும் கிரயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். இருந்தும் முத்திரைத் தாளில் எழுதிப் பதியாத அக்ரிமெண்ட்டுகள் இன்றும் டீக்கடை பெஞ்சில் கையெழுத்தாகின்றன.

ரெரா இருக்கிறதே என்பார்கள். 2016ஆம் ஆண்டின் அந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பதிவாக வேண்டும், அவற்றை விற்றுத் தரும் முகவர்களும் பதிவு பெற வேண்டும். நல்ல சட்டம். பதிவு எண் இல்லாத முகவரிடம் அப்படிப்பட்ட மனையை வாங்காதீர்கள் என்று நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் விவசாயி நிலத்தை முதன்முதலாகக் கைமாற்றி விடும் ஊர்த் தரகர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. தப்பு தொடங்குவது அந்த முதல் கைமாற்றத்தில்தான்.

ஆகவே ஐயா, புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் வந்த சர்வே எண்களை அந்தந்த ஊராட்சி அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பலகையில் எழுதி வைக்கச் செய்யுங்கள். நஞ்சையா புஞ்சையா, குத்தகைதாரர் உண்டா, கோயில் நிலமா, எந்த வாய்க்கால் குறுக்கே போகிறது என்று தமிழில் நாலு வரி போதும். உங்கள் மேசைக்குக் கோப்பு வருவதற்கு முன் கிராம சபையில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். வேளாண் துறையின் அறிக்கையோடு, பாசனப் பிரிவு அதிகாரி மழைக்காலத்தில் நேரில் பார்த்து எழுதிய குறிப்பும் கோப்பில் இருக்கட்டும். பங்குனியில் பார்த்து எழுதியதை ஏற்க வேண்டாம். பதிவு பெற்ற முகவர்களின் பெயரையும் அதே பலகையில் போட்டால், நேர்மையாகத் தொழில் செய்யும் தரகருக்கும் அது மரியாதையாக இருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர் அந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். படிக்கத் தெரியாத விவசாயிக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டலாம். இதற்குப் பெரிய செலவில்லை, பதிவேடுகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. தை அறுவடைக்குப் பின் கொடிகள் மறுபடி ஏறும். அதற்குள் உத்தரவு வந்தால், வரும் மாசியிலேயே சிலருடைய பணமும் சிலருடைய வயலும் தப்பிக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
பாபநாசம் வட்டத்து நஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்