நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். இது எங்கள் மீதே நாங்கள் வைக்கும் ஒரு முறைப்பாடு.

பழைய மாணவி ஒருத்தி வந்தாள். அவள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறோம். நாலு வருடமாக இன்னொரு பெண்ணோடு வாழ்கிறாள். வெறும் தோழிகள் அல்ல என்பதை அவளே சொன்னாள். அழுதது அதற்காக அல்ல.

"டீச்சர், அவ என்னை வடிவு எண்டு சொல்லுறா. எனக்கு நம்ப ஏலாம இருக்கு. பகிடி பண்ணுறா எண்டு சண்டை பிடிக்கிறன். ஒரு படம்கூட எடுக்க விடுறதில்ல."

வகுப்பில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் எங்களுக்கு ஞாபகம் இருந்தது. நிறத்தையும் உடம்பையும் சேர்த்து வைத்த பெயர். அன்று சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வந்த ஓர் ஆய்வு, உடல் பற்றிய திருப்தியில் இவர்களுக்கும் மற்றப் பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. இருவரும் "வெள்ளைப் பிள்ளை வேணும்" என்று கலியாணம் பேசும் வீடுகளில்தானே வளர்ந்தார்கள்? தன் உடம்பை வெறுக்கிறவளுக்கு அன்பும் அனுதாபமாகத் தெரியும். பிறகு சந்தேகம், சண்டை, மௌனம். எந்தத் தம்பதிக்கும் இது நடக்கும்.

மற்றவர்கள் ராத்தாவிடமோ மாமியிடமோ போய் அழலாம். இவர்கள் எங்கே போவது? தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டும் குறித்தது. 1995இல் திருத்தியபோது பெண்களும் அதற்குள் வந்தார்கள். இரண்டு வருடம் வரை சிறை. இது பெண்களின் உரிமையை மீறுகிறது என்று 2022இல் ஐ.நா. பெண்கள் குழு இலங்கைக்குச் சொன்னது. இதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் அல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் சட்டம் மாறவில்லை. ஆலோசகரிடம் வாய் திறக்கவும் பயம்.

மார்க்கத் தீர்ப்பு கேட்பவர்கள் உலமாக்களிடம் கேளுங்கள். நாங்கள் முஃப்தி அல்ல. ஆனால் பரிகாசம், பட்டப்பெயர், துருவித் துருவி ஆராய்வது, புறம் பேசுவது எல்லாவற்றையும் சூரதுல் ஹுஜுராத் தடுக்கிறது. இன்னாருக்கு மட்டும் செய்யலாம் என்று விதிவிலக்கு இல்லை. ஸபிய்யா (ரலி) அவர்களின் உயரத்தைப் பற்றி ஒரு சொல் வந்தபோது, கடலில் கலந்தால் கடலே கெட்டுவிடும் அளவு பாரமான சொல் அது என்று நபியவர்கள் (ஸல்) கண்டித்ததை நாமே மேடையில் சொல்கிறோம். வகுப்பில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே கேட்பது கொஞ்சம்தான். கலியாண வீட்டில் பிள்ளையைக் கண்டதும் "குண்டாகிட்டா", "கறுத்திட்டா" என்று சொல்லாதீர்கள். வகுப்பில் பட்டப்பெயர் கேட்டால் பாடத்தை நிறுத்தி அதை நிறுத்துவோம். யாரும் நம்பி வந்து பேசினால், அந்தப் பேச்சை அடுத்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மனம் தாங்காதவர்கள் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

போகும்போது அவள் கேட்டாள்: "அண்டைக்கு ஏன் டீச்சர் நீங்க ஒருத்தரும் நிப்பாட்டேல்ல?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டோம். இங்கேயும் கேட்கிறோம்.